தன் பெயர் வரும் நான்கு பக்கங்கள்

“இறுதியாக” என்று பேராசிரியர் கோமதிநாயகம் இரண்டாவது தடவை சொன்னபோது, புத்தக வெளியீட்டு மேடையில் உட்கார்ந்திருந்த அனவரதம் புத்தகத்தை மேசைவிரிப்பின் மறைவுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டார். முதல் ‘இறுதியாக’வை அவர் கண்டுகொள்ளவில்லை. அதற்கப்புறம் பேராசிரியர் கிரேக்கத்துக்குப் போய், அங்கிருந்து சங்க காலத்துக்கு வந்து, போகிற வழியில் தன் பேரன் கனடாவில் இருப்பதையும் சொல்லிவிட்டு, இப்போதுதான் மறுபடி பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். மனிதர் புத்தகத்தைப் படிக்கவில்லை. முன்னுரையை மட்டுமே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவதிலிருந்து அது தெரிந்துவிட்டது. வேறொரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அனவரதம் இதை நன்றாக ரசித்திருப்பார், பக்கத்து நாற்காலிக்காரரின் காதில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவும் வைத்திருப்பார். இன்றைக்கு அந்த ஆள் இன்னும் பேசட்டும் என்றிருந்தது. கனடாவில் இன்னொரு பேரன் இருக்கக் கூடாதா, அவனுக்கு அங்கே ஒரு வீடு, அந்த வீட்டு வாசலில் பனி. ஏனென்றால் இவர் முடித்தால் அடுத்தது அனவரதம்தான். அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கழுத்தில் பொன்னாடை குத்தியது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, போர்த்திக்கொண்டால் வேர்க்கிறது, எடுத்து மடியில் வைத்தால் போர்த்தியவர் பார்க்கிறார். மாடி மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்று மட்டும் அவற்றோடு சேர்ந்து அங்கேயே சுற்றியது. பின்னால் எங்கேயோ உளுந்து வடை வேகிற வாசனை. மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியில், தளவாய் புத்தகத்தைப் பிரித்துவிட்டார். பிரித்துவிட்டார் என்றால் பிரித்துவிட்டார்தான். அவர் புத்தகம் படிக்கிற முறை அனவரதத்துக்குத் தெரியும். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முறை. மற்றவர்களைப் போல இங்கே ஒரு பக்கம் அங்கே ஒரு பக்கம் என்று மேய்கிற ஆள் இல்லை. ஜில்லா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் பக்கத்தில் அச்சகத்தின் விலாசத்திலிருந்து ஆரம்பிப்பார், விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்புவார், விட்டுப்போனது எதுவும் இருக்காது. வாழ்க்கை வரலாறு மட்டும்தான் படிப்பார். நாவல் என்றால் அவருக்கு ஆகாது. “நடக்காததை நடந்ததுன்னு சொல்லுதவனுக்கு கோர்ட்ல ஒரு செக்‌ஷன் இருக்கு வே. வெளிய வந்தா அவனுக்குப் பொன்னாடை” என்பார். அனவரதம் ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால் போதும், “என்ன வே, பொய்க்காரன் இன்னைக்கு என்ன சொல்லுதான்?” என்று ஆரம்பித்துவிடுவார். “நீர் படிக்கிற வாழ்க்கை வரலாறு மட்டும் சத்தியப் பிரமாணமோ?” என்று கேட்டால், கொஞ்சமும் அசையாமல், “அவன் பொய் சொன்னாலும் விலாசத்தோட சொல்லுவான் வே” என்பார். அந்தத் தளவாய் இப்போது முன்னுரையைத் தாண்டிவிட்டார். தாண்டினார் என்றால் அந்த வரியையும் படித்துவிட்டார். ‘இந்நூலின் ஒவ்வொரு வரியையும் படித்துச் சரிபார்த்தவர் எங்கள் அனவரதம் மாமா.’

ஒவ்வொரு வரியையும். பெர்சிஸ் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நல்ல பெண். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு இலையின் நரம்பை எண்ணாமல் அதன் பெயரைச் சொல்ல மாட்டாள். அப்பாவைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘ஒவ்வொரு’ என்று எழுதிவிட்டாள். அப்பா ஞானசிகாமணி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகை நூல்நிலையம் வைத்திருந்தவர், இந்த வாசகர் வட்டத்தை ஆரம்பித்தவர், அனவரதத்துக்கும் தளவாய்க்கும் பொதுவான ஒரே சிநேகிதர். அவர் இருந்தவரை இவர்கள் இருவரும் சண்டை போட ஒரு நடுவர் இருந்தார். பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அச்சு மெய்ப்பைத் தூக்கிக்கொண்டு பெர்சிஸ் வீட்டுக்கு வந்தபோது, “மாமா, மேடையில வச்சுப் பிழை சொல்லாதீங்க. இப்பவே சொல்லிருங்க” என்றாள். அனவரதத்தின் வழக்கம் ஊரறிந்தது. எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் தண்ணீர் குடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “இனி பிழைகள்” என்பார். சபை நிமிர்ந்து உட்காரும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. பாண்டியன் அரண்மனையில் மிளகாய் வற்றல் தாளித்த சரித்திர நாவல்காரரை இதே மேடையில்தான் அவர் வறுத்தெடுத்தார். மிளகாய் கப்பலில் வந்து இறங்க இன்னும் சில நூற்றாண்டு இருக்கும்போது உங்கள் மகாராணிக்கு எப்படி ஐயா நெடி ஏறியது? இன்னொருவர் இளவரசியை, அதே கப்பலில் வர வேண்டிய கொய்யா மரத்தடியில் நிறுத்தி அழவைத்தார். இன்னொருவருக்கு இளவரசனும் இளவரசியும் சந்திக்கும்போதெல்லாம் பௌர்ணமி வேண்டும், ஒரே மாதத்தில் மூன்று பௌர்ணமி. குதிரைகளுக்கோ தண்ணீர் வேண்டாம், கொள்ளு வேண்டாம், தூக்கம் வேண்டாம், ராத்திரியோடு ராத்திரியாகத் தஞ்சாவூர் போய்விடும். சரித்திர நாவல் என்பது உடுப்பு வாடகைக்கு எடுத்த கல்யாணப் போட்டோ, முகம் மட்டும் இந்தக் காலத்து முகம். வாழ்க்கை வரலாறு அதைவிட மோசம், அதில் வருகிறவனுக்குப் பல்வலி வராது, பொறாமை வராது, கட்டிய மனைவி கல்யாணத்தன்று ஒரு பத்தியிலும் சமர்ப்பணத்தில் ஒரு வரியிலுமாக வந்துவிட்டுப் போவாள். நாவல் மட்டும்தான் நான் பொய் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போகிற ஜாதி. இதையெல்லாம் அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், கைதட்டும் வாங்கியிருக்கிறார். ஒரு தடவை மட்டும், தன் தகப்பனாரைப் பற்றி எழுதி அச்சடித்துக் கொண்டுவந்த ஒரு மளிகைக்கடைக்காரர், நீங்கள் சொல்கிற மாதத்தில் உங்கள் அப்பா ஜெயிலில் இல்லை, ஜாமீனில் வெளியே இருந்தார் என்று அனவரதம் விளக்கியபோது, மடியிலிருந்த பொன்னாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சபை சிரித்துக்கொண்டிருந்தது. அவர் அதற்கப்புறம் வட்டத்துக்கு வரவில்லை. அந்த மடிப்பு ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. பெர்சிஸின் மடியிலும் ஒரு பொன்னாடை இருக்கிறது, பச்சை நிறம்.

மெய்ப்பு முழுவதையும் பார்த்தார்தான், நான்கு பக்கம் தவிர. அந்த நான்கில் தன் பெயர் வருகிறது என்று மேலோட்டமாகப் புரட்டும்போதே கண்ணில் பட்டுவிட்டது. உடனே தாள்களைக் கவிழ்த்து வைத்தார். “இதை நான் பாக்க மாட்டேம்மா. தன்னைப் பத்தி எழுதினதைத் தானே திருத்துறவன் சுயசரிதை எழுதுறவனைவிட மோசம்” என்றார். பெர்சிஸ் சிரித்தாள். “நீதிபதி மாதிரி ஒதுங்கிக்கிறீங்க” என்றாள். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. அடக்கம் என்று அவர் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். அடக்கமா அது? பந்தியில் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் வாயில் போட ஜாங்கிரியை இலை ஓரத்தில் ஒதுக்கி வைப்பானே, அது. அச்சாகி, அட்டை போட்டு, வாசனையோடு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம். இன்று காலை முதல் பிரதியை மேடையில் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள், பேராசிரியர் கிரேக்கத்துக்குக் கிளம்பினார். மேசைவிரிப்பின் மறைவில் அனவரதம் புத்தகத்தைப் பிரித்து ஜாங்கிரியை எடுத்து வாயில் வைத்தார்.

‘அப்பா காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாவல் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டியவர் அனவரதம் மாமா.’ முதலில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அது நடந்த மாதிரியே இருந்தது, அதுதான் விஷயம். முக்காலி, மலையடிவாரத்துக் குளிர்காற்று, டெட்டால் வாசனை, இருமல், புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லாத கை. ஒரு நிமிஷம் அனவரதமே அந்த முக்காலியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்த வருஷம் முழுவதும் அவர் ஜபல்பூரில். டெலிபோன் இலாகா பயிற்சி. சப்பாத்தி தின்று தின்று வாய் புண்ணாகி, லீவு கேட்டுக் கிடைக்காமல், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்த மலையடிவாரத்தைப் பார்த்ததில்லை. பெர்சிஸைக் குறை சொல்ல முடியாது. அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வந்த வார்த்தைகள் சொற்பம். “அவன் வாசிச்சான்” என்றிருப்பார், “அனவரதம் புஸ்தகம்” என்றிருப்பார். நாவல் வாசித்தது யார்? ஊரில் நாவல் பைத்தியம் ஒருத்தர்தான். வேறு யார் வாசித்திருப்பார்? பொருந்திவிட்டது, எழுதிவிட்டாள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிற அதே படி. பொருந்துகிறது என்றால் நடந்தது. புத்தகம் என்னவோ அனவரதத்தினுடையதுதான், ஜபல்பூரிலிருந்து பார்சலில் அனுப்பினார். இப்போது அச்சில் இல்லாதது, ஒரே ஒரு நாவல் எழுதிவிட்டுக் காணாமல் போன ஒரு தபால்காரர் எழுதியது, காசநோய்க்காரன் ஒருவன் ரயிலில் ஊர் திரும்புகிற கதை. அடுத்த வரிக்குப் போனார். ‘புத்தகத்தைத் திறக்கும் முன் மாமா ஒவ்வொரு முறையும், சரி, பொய்க்காரன் இன்னைக்கு என்ன சொல்லுதான்னு பாப்பம் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கோணிய வாயோடு சிரிப்பார்.’ அந்த இடத்தில் அனவரதத்தின் விரல் நின்றது. பேராசிரியர் அப்போது ஏதென்ஸ் நகரில் இருந்தார். பொய்க்காரன். இந்த வார்த்தையை நாவல்காரனுக்குச் சொல்கிற மனிதர் இந்தத் தாமிரபரணிக் கரையில் ஒருத்தர்தான். மூன்றாவது வரிசை, தூண் ஓரம். நாவலே படித்ததில்லை என்று நாற்பது வருஷமாகப் பீற்றிக்கொள்கிற மனிதர், அப்போது கோர்ட்டில் புதிதாகச் சேர்ந்த சின்னக் குமாஸ்தா, ஒட்டிக்கொள்கிற நோய் என்று சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத வார்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து.

இத்தோடு நின்றிருந்தால் எழுந்து நின்று ஒரு வரியில் திருத்திவிடலாம். சபை சிரிக்கும், வடை சாப்பிடலாம். நிற்கவில்லை. அந்த நான்கில் மூன்றாம் பக்கத்தில் பெர்சிஸ் அந்த நாவலின் முடிவை எழுதியிருக்கிறாள். ‘டிக்கெட் பரிசோதகர் தட்டி எழுப்ப, அவன் கண் விழித்துத் தன் ஊர் ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்குகிறான். வண்டிக்காரன் முத்தையா பன்னிரண்டு அணா கேட்கிறான். எட்டணாவுக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடக்கிறான். அந்த நடைதான் என்னை எழுப்பி உட்காரவைத்தது என்பார் அப்பா. அங்கிருந்து திரும்பியதும் நூல்நிலையம் ஆரம்பித்ததற்கும் அந்த முடிவுதான் காரணம்.’ தப்பு, என்று அனவரதத்தின் மூளை வழக்கம்போல உடனே மணியடித்தது. அந்த நாவலில் அவன் இறங்குவதில்லை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் அவன் செத்துப்போகிறான். பரிசோதகர் வருகிறார், அசந்து தூங்குகிறவனை எழுப்ப மனசில்லாமல் விளக்கைத் தணித்துவிட்டுப் போகிறார், ரயில் அவனுடைய ஊரைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. தமிழில் அப்படி ஒரு கடைசிப் பக்கம் கிடையாது. அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் அனவரதம் அதை அனுப்பினார். நோயாளிக்கு. சிநேகிதனுக்குக் காசநோய் என்று கடிதம் வந்தது, மற்றவர்கள் ஹார்லிக்ஸ் அனுப்பினார்கள், சாமி படம் அனுப்பினார்கள், அனவரதம், ‘இந்த நோயைப் பற்றி இதைவிடச் சிறப்பாக யாரும் எழுதியதில்லை, அவசியம் படிக்கவும்’ என்று குறிப்பு வைத்து, காசநோய்க்காரன் செத்துப்போகிற நாவலைப் பார்சல் கட்டி அனுப்பினார். படிப்பாளி என்று ஊரில் பெயர் வாங்கியவன் மட்டும்தான் இப்படி ஒன்றைச் செய்ய முடியும். அதை எடுத்து வாசிக்க உட்கார்ந்த தளவாய், வழக்குக் கட்டைப் படிக்கிற மாதிரி முந்தின நாளே கடைசி வரை படித்துப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு என்ன செய்திருப்பார்? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்திருக்கிறார். நடக்காததை நடந்ததுன்னு. யார் எழுதிய முடிவு என்று அனவரதத்துக்குச் சந்தேகமே இல்லை, நடையே சொல்கிறது. வண்டிக்காரனுக்குப் பெயர் இருக்கிறது. கூலி இருக்கிறது. பேரம் இருக்கிறது. இன்றைக்கும் ஆட்டோக்காரனோடு பேரம் படியாவிட்டால் ஜங்ஷனிலிருந்து நடந்தே வருகிற மனிதர். பொய் சொன்னாலும் விலாசத்தோட. ஆயுளில் ஒரே ஒரு கதை எழுதியிருக்கிறார், அதையும் அனவரதம் செய்த முட்டாள்தனத்தின் மேல் பூசி மெழுகுவதற்காக எழுதியிருக்கிறார், எழுதிவிட்டு நாற்பது வருஷம் வாயைத் திறக்காமல், நாவல்காரனைப் பொய்க்காரன் என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணாச்சி.” தொகுத்து வழங்குகிற இசக்கியப்பன் பின்னாலிருந்து குனிந்தான். “சார் முடிக்கப் போறாரு. அடுத்தது நீங்க. பிழையைக் கொஞ்சம் சுருக்கிக்கிடுங்க, வடை ஆறிரும்.” அனவரதம் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியிலிருந்து பெர்சிஸ் சாய்ந்தாள். “மாமா, இப்பப் படிச்சீங்களா அந்தப் பக்கங்களை? மேசைக்குக் கீழ புரட்டினதைப் பாத்தேன்.” ஆமாம் என்றார். “அதை எழுதும்போதுதான் நான் அழுதேன். புஸ்தகத்திலேயே அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.” அவள் முகம் அவள் அப்பாவின் முகம், கோணுவதற்கு முந்தியது. அனவரதம் கழுத்திலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்தார். பிரித்தார். சும்மா இருந்துவிட்டால் என்ன? பேசிவிட்டு, பிழைகளே இல்லை, ஏனென்றால் பார்த்தவன் நான் என்று ஒரு நகைச்சுவை சொல்லி உட்கார்ந்தால்? கைதட்டுவார்கள். அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம், பெர்சிஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் வாழ்க்கை வரலாற்றுக்கு அடுத்த பதிப்பு யார் போட்டார்கள்? இந்த முன்னூறு பிரதியும் முன்னூறு வீட்டில் அனவரதம் வாசித்தார், அனவரதம் வாசித்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கும். மூன்றாவது வரிசைக்காரர் என்ன நினைப்பார்? ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தவன் இந்த வரியையும் சரிபார்த்திருக்கிறான். நான் உட்கார்ந்த முக்காலியில் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறான். மிளகாய்க்கும் பௌர்ணமிக்கும் குதிக்கிறவன் தனக்கு வந்த மாலையை மட்டும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டான். தளவாய் எதுவும் கேட்க மாட்டார், அதுதான் பயம். நாளைக்கு டீக்கடைக்கு வர மாட்டார், அவ்வளவுதான். சரி, சொல்லிவிட்டால்? வாசித்தது அவர் என்று சொன்னால், பெர்சிஸ் அடுத்து முடிவைப் பற்றிக் கேட்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள், இலை நரம்பை எண்ணுகிறவள். அப்பாவை எழுப்பி உட்காரவைத்த நடை, நூல்நிலையம் ஆரம்பிக்க வைத்த நடை, ஒரு கோர்ட் குமாஸ்தா வாயில் வந்தபடி அளந்தது என்று மேடையில் வைத்துச் சொல்வதா? உன் அப்பாவை ஏமாற்றினார்கள், அம்மா. நல்லதற்குத்தான், ஆனால் ஏமாற்றினார்கள். ஞானசிகாமணிக்குத் தெரியாமலே போய்விட்டது, பாவம், தெரியாமலே. இல்லை. இரு. தெரியாமலா? வட்டம் ஆரம்பித்த புதிதில், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், அனவரதம் இதே நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்தக் கடைசிப் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார், தணிந்த விளக்கு, ஓடும் ரயில், எல்லாம். கேட்க வந்தவர்கள் மூன்றே பேர். தளவாய், ஞானசிகாமணி, மண்டபத்து வாட்ச்மேன், அவரும் தூங்கிவிட்டார். ரயில் அவன் ஊரைக் கடந்து போனதும் தளவாய் எழுந்து மழை விட்டாச்சா என்று பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டார். ஞானசிகாமணி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், “நல்லாப் பேசினீரு” என்றார். கொஞ்சம் கழித்து, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, “ஆனா எனக்கு வேற முடிவுதான் பிடிக்கும்” என்றார். என்னய்யா வேறு முடிவு, இருக்கிறது ஒரு முடிவுதானே என்று அனவரதம் சிரித்தார். முட்டாள். அன்றைக்கே ஞானசிகாமணிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அதற்கப்புறம் முப்பது வருஷம் கழித்து, வார்த்தை வராத வாயால் மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முடிவு வண்டிக்காரன் முத்தையாவின் முடிவுதான். ஏமாந்தவர் சொன்னதில்லை அது, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று யோசித்தவர் சொன்னது. கைதட்டல் கேட்டது. பேராசிரியர் கோமதிநாயகம் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் தளவாய் புத்தகத்தை மூடியிருந்தார், ஆள்காட்டி விரல் மட்டும் உள்ளே. மேலே இருந்த தாள்களின் கனத்தைப் பார்த்தாலே அது எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அவர் நேராக அனவரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை, சாட்சி சொல்ல வருகிறவனை எழுத்தர் பார்க்கிற பார்வை.

என்ன பேசினார் என்பது அனவரதத்துக்குப் பிறகு ஞாபகமில்லை. தயாரித்து வைத்திருந்ததைத்தான் பேசியிருக்க வேண்டும், இடையிடையே சிரிப்புச் சத்தம் வந்தது. தண்ணீர் குடித்தார். கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறியது. “இனி பிழைகள்” என்றார். சபை நிமிர்ந்தது. கடைசி வரிசையில் யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். “முதல் பிழை முன்னுரையில இருக்கு. ஒவ்வொரு வரியையும் நான் பாத்தேன்னு போட்டிருக்கு. பாக்கலை. என் பேரு வர்ற நாலு பக்கத்தை மட்டும் விட்டுட்டேன். அடக்கம்னு சொல்லிக்கிட்டேன். அது அடக்கம் இல்லை.” சிரித்தார்கள். இன்னும் வேடிக்கையாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தார்கள். “இரண்டாவது பிழை அந்த நாலு பக்கத்துல. அந்த வருஷம் நான் ஜபல்பூர்ல இருந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கமே நான் போனதில்லை. அதுல அனவரதம்னு இருக்கிற இடத்துல எல்லாம் தளவாய்னு வாசிச்சுக்கிடணும்.” சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாத் தலைகளும் தூண் பக்கம் திரும்பின. பெர்சிஸின் தலை மட்டும் திரும்பவில்லை, அவள் அனவரதத்தையே பார்த்தாள்.

தளவாய் மெதுவாக எழுந்தார். “நான் நாவல் படிக்கிறதில்ல” என்றார்.

“ஒண்ணு படிச்சிருக்கீரு வே” என்றார் அனவரதம், மைக்கில். “அதுவும் சத்தம்போட்டு.”

யாரோ சிரித்தார்கள், இன்னும் யாரோ. தளவாய் உட்காரவில்லை. மறுக்கவும் இல்லை. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா அவன் அவன்னு சொன்னது தளவாய் மாமாவையா” என்றாள் பெர்சிஸ், தனக்கே சொல்லிக்கொள்கிற குரலில். அப்புறம் அவள் கை மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்துக்குப் போனது. வருகிறது. அனவரதம் எதிர்பார்த்தது வருகிறது. “அப்படின்னா மாமா, இதுல வேற எதுவும் தப்பா இருக்குமோ? அந்த நாவல் எனக்கு எங்க தேடியும் கிடைக்கலை. அப்பா சொன்னதை வச்சுத்தான் எழுதினேன். கடைசியில அவன் ஊர்ல இறங்கி நடந்து போறான்ல, அந்த முடிவு. அது சரிதானே? நீங்க படிச்சிருப்பீங்களே.”

படித்திருக்கிறார். கண்ணை மூடினால் அந்தப் பக்கம் அப்படியே வரும், மூன்றாவது வரியில் மை கொஞ்சம் ஈஷியிருப்பது உட்பட. பரிசோதகர் விளக்கைத் தணிக்கிறார். மூன்றாவது வரிசையில் தளவாய் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தளவாயின் முகத்தில் இப்போது ஏதோ இருந்தது. நாற்பது வருஷத்தில் அந்த முகத்தில் பார்க்காத ஒன்று, ஆனால் அனவரதத்துக்கு அது என்னவென்று நன்றாகத் தெரிந்தது, காலையிலிருந்து தானும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்த அதே பயம். ரயில் ஓடியது. ஊர் வருகிறது, விளக்குக் கம்பம் வருகிறது, வேப்பமரம், ஸ்டேஷன் பெயர்ப்பலகை. சபை காத்திருந்தது. இத்தனை பேரில் ஒருத்தராவது அதைப் படித்திருப்பார்களா? படித்திருந்தால்தான் என்ன. ஒரு தரம், ஒரே ஒரு தரம், ரயில் நின்றால் என்ன.

“சரிதான்” என்றார் அனவரதம். “இறங்கித்தான் போறான். வண்டிக்காரன் பேரு முத்தையா. பன்னிரண்டு அணா கேப்பான். அதுல பிழை ஒண்ணும் இல்லைம்மா.”

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “வேறு பிழை இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தளவாயும் அப்போதுதான் உட்கார்ந்தார். பேராசிரியர் கோமதிநாயகம் பக்கத்திலிருந்து குனிந்து, “எந்த நாவலய்யா அது? நான்கூட இளமையில் படித்திருக்கிறேன், அருமையான முடிவு” என்றார்.

வடைத் தட்டோடு எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கியபோது பெர்சிஸ் தளவாயின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் தரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்த பிறகு அனவரதம் அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தின்றார்கள். சட்னி காரமாக இருந்தது.

“பன்னிரண்டு அணா ஜாஸ்தி வே, அந்தக் காலத்துக்கு” என்றார் தளவாய் கடைசியில்.

“அதான் நடந்துட்டானே” என்றார் அனவரதம்.

தளவாய் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், இரண்டு பக்கமும், நிதானமாக. “பொய்க்காரன் இன்னைக்கு நல்லாத்தான் சொல்லுதான்” என்றார். எந்தப் பொய்க்காரனைச் சொன்னார் என்று அனவரதம் கேட்கவில்லை.